ஜே எக்ஸ் வண்டிக்கு ஒரு வார்த்தை

நாமக்கல் மோகனூர் ரோட்டில் ஜீவானந்தத்தின் முட்டை ஷெட்டில் லாரிகளைக் கயிற்றால் கட்டுவதில்லை, இங்கிலீஷ் வார்த்தையால் கட்டுகிறார்கள். கயிறு தீர்ந்துபோன ஒரு மழைநாளில் தொடங்கிய வழக்கம் அது. தார்ப்பாய் விரித்த வண்டி கட்டப்படாமல் நிற்க, பில் போடும் ஆன்சி சன்னல் வழியே அதன் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலத்தில் பஸ்ஸேறிப் படிக்கப் போன காலத்திலேயே அவளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. எதிரே வரும் லாரியின் எழுத்துகள் எல்லாம் அடங்கிய நீளமான வார்த்தையை, அது தாண்டிப் போவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். டி, என் எல்லா வண்டிக்கும் பொது. பின்னால் வரும் இரண்டுதான் மாறும். அன்றைய வண்டிக்கு பி, ஆர். ஆன்சி பராக்குப் பார்த்தபடியே "டிரான்ஸ்போர்ட்டேஷன்" என்றாள். வார்த்தை கட்டைவிரல் கனத்தில் அவள் வாயிலிருந்து இறங்கித் தரையில் வளையம் வளையமாகச் சுருண்டது. டிரைவர் காளிதாஸ் முனையை இழுத்துப் பார்த்தான். "ஏனுங்க்கா, நனைஞ்சா வழுக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கட்டினான். கொல்லத்தில் இறக்கியபோது ஒரு முட்டைகூட விரிசல் விட்டிருக்கவில்லை.

பிறகு வேறு கயிறு யாரும் வாங்கவில்லை. நான்கு எழுத்தில் ஒன்று குறைந்தாலும் முடிச்சு நிற்காது; வார்த்தை குட்டையாக இருந்தால் தார்ப்பாயில் பாதியைத்தான் எட்டும். ஜீவானந்தத்தின் பி கே வண்டிக்கு ஆன்சி முதலில் "பேங்க்ரப்ட்சி" என்றாள். "அடச் சாமி, திவாலையா என் வண்டியில கட்டறது? வேற பாரு" என்று பதறினார். "ஹார்ட்பிரேக்கிங்" என்றாள். "நெஞ்சு ஒடையறதா? நானே மாத்திரை முழுங்கற ஆளு." மூன்றாவது "பிரெத்டேக்கிங்". மூச்சே நின்றுபோகிற மாதிரி அழகு என்று அர்த்தம் சொன்னாள். "மூச்சு நின்னாப் போகுது, ஏவாரம் நிக்காம இருந்தாச் சரி" என்று ஒப்புக்கொண்டார்.

இதில் சேராத ஒரே டிரைவர் ஆன்சியின் கணவன் அலெக்ஸ். கல்யாணமான புதிதில் டீக்கடையில் எவனோ, "மாப்ள ஊட்டுலதான் பொண்டாட்டி வாய்க்குக் கட்டுப்பட்டவருன்னு பார்த்தா, ரோட்டுலயுமா?" என்று சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அலெக்ஸ் தன் காசில் நைலான் கயிறு வாங்கினான். அடுத்தவன் வண்டியை ஓட்டியவரை ஆன்சியும் கண்டுகொள்ளவில்லை. பிறகு வருடங்கள் ஓடி, அவன் இருந்த ஒரே மனையை விற்றுச் சொந்த லாரி எடுத்தான். பாதர் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். அவர் கிளம்பிய பிறகு அலெக்ஸ் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துத்தான் வண்டியை நகர்த்தினான். வந்த எழுத்து ஜே, எக்ஸ். "அக்கா வாய்க்கே பூட்டு வந்துருச்சுங்கோ!" என்று காளிதாஸ் கத்த, ஷெட்டே சிரித்தது.

ஆன்சி சிரிக்கவில்லை, ஏனென்றால் வார்த்தை அவளுக்கு அந்த நிமிடமே கிடைத்துவிட்டது. அவன் கேட்காமல் கொடுப்பதில்லை என்று அதை நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டாள். பதிமூன்று எழுத்து ஆகையால் ஒரு பக்கத்துக் கன்னம் புடைத்தது. சாப்பாட்டை மறுபக்கம் மென்றாள். கோயிலில் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைத்தாள். பல்வலி என்று நினைத்து அலெக்ஸ் கிராம்புத் தைலம் வாங்கிவந்தான்.

சொந்த வண்டியின் முதல் லோடு குமுளிக்கு. அது நொறுங்கினால் இரண்டாவது லோடு எந்த ஷெட்டிலும் ஏறாது. மனை போனதோடு வண்டியும் போகும். அது இருவருக்கும் தெரியும். இருந்தும் அவன் நைலான் கயிற்றையே இழுத்துக் கட்டி, "வாரேன்" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் வெயில் ஏறிய வேளையில், குமுளி மலைப்பாதையின் வளைவொன்றில் ஒரு வாழப்பாடி லாரி பிரேக் பிடிக்காமல் பின்னால் சரிந்து, ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்க நின்றிருந்தது. அதற்குள் பச்சமுத்து என்ற வயசாளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தார். ரோட்டில் கயிறு கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பது இந்தப் பக்கத்து டிரைவர்கள் எழுதிவைக்காத சட்டம். அலெக்ஸ் தன் லோடைக் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்தான். பச்சமுத்துவும் வண்டியும் மேலே வந்தார்கள். நைலான் நார்நாராகப் பிரிந்து போயிற்று. இப்போது அலெக்ஸின் தார்ப்பாய் காற்றில் படபடக்க, முட்டைத் தட்டுகள் பள்ளத்துப் பக்கமாக மெல்லச் சாய ஆரம்பித்தன. அவன் முதுகைக் கொடுத்து முட்டிக்கொண்டே போன் போட்டான்.

"ஆன்சி, கயித்தக் குடுத்துட்டேன்."

"ம்."

"தட்டு சாயுது புள்ள." அவன் குதிகாலை ரோட்டில் ஊன்றி முதுகை இன்னும் அழுத்தினான். "ஜே எக்ஸுக்கு ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

ஆன்சி போனை வாயோடு ஒட்டவைத்து, "ஜக்ஸ்டபொசிஷன்" என்றாள். நாமக்கல்லில் உள்ளே போன வார்த்தை குமுளியில் வெளியே வந்தது. லோடை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடவும் மிச்சம் இருந்தது. முடிச்சை இழுத்துப் பிடித்த பச்சமுத்து, அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தார். அலெக்ஸ் போனில் கேட்டான்.

"பக்கத்துல பக்கத்துல வெக்கறதுங்க." அவள் குரல் பழையபடி தெளிவாக இருந்தது.

"முட்டையாட்டவா?"

"முட்டையாட்டவுந்தானுங்க."

லோடு முழுசாக இறங்கியது. அந்த வார்த்தையை அலெக்ஸ் அதற்குப் பிறகு கழற்றவே இல்லை. தளர்த்திக்கொள்வான், மறுபடி இறுக்கிக்கொள்வான். எஃப்சிக்குப் போனபோது பார்த்த அதிகாரி இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, டயரைத் தட்டப் போய்விட்டார். டீக்கடையில் பழைய ஆள் பழைய கேலியைத் திரும்ப எடுத்தான்: "மாப்ள இப்ப ரோட்டுலயும் பொண்டாட்டி வாய்க்குக் கட்டுப்பட்டுட்டாராமா?"

"ஆமாங்க," என்று அலெக்ஸ் டீயை ஆற்றினான், "ரெண்டு சுத்து."

அன்றைக்கு முட்டை விலை ஐந்து பைசா ஏறியிருந்தது. அதைப் பற்றித்தான் கடையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.