காவல்காரன் சிரிக்கவில்லை

யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் பொன்னுத்துரைக்குப் பொறுக்காது. பூசாரி மந்திரத்தில் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் நடுப்பூசையில் நிறுத்தித் திருத்துவான். கல்யாண வீட்டில் பந்தி வரிசை மாறினால் சாப்பிடாமல் எழுந்து போவான். தேவாலாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவன்தான் கோயில் கமிட்டித் தலைவன். நேருக்கு நேர் நானும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவேன். இதைச் சொல்லும்போது எனக்கு அவன் அவன்தான்.

நாங்களெல்லாம் முன்பு சிலோனில் ஒரே தோட்டத்தில் இருந்தோம்; என் தம்பி அழகையா அங்கே எழுபத்தேழாம் வருஷக் கலவரத்தில் செத்துப்போனான். மீசைகூட அரும்பவில்லை. பட்டப்பகலில் கத்தியும் தடியுமாக ஆட்கள் லயத்துக்குள் புகுந்ததை, மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து நான் பார்த்தேன். எல்லாரும் காட்டைப் பார்த்து ஓடினார்கள். அழகையா மட்டும் பொன்னுத்துரை வீட்டைப் பார்த்து ஓடினான். லயத்திலேயே அந்த ஒரு வீட்டுக்குத்தான் பலாப்பலகைக் கதவு, மற்றதெல்லாம் தகரம். தினமும் சாயங்காலம் அந்த வீட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்து கிடக்கிற பையன் வேறு எங்கே ஓடுவான்? இரண்டு கையாலும் கதவை அடித்தான். அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் கேட்கவில்லை, அடிக்கிற கை மட்டும் தெரிந்தது. கதவு திறக்கவில்லை. சரிவில் விழுந்து புரண்டு நான் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டிலேயே இல்லை, டவுனுக்குப் போயிருந்தேன் என்றான் பொன்னுத்துரை. மாரியம்மன்மேல் சத்தியம் செய்தான். அவன் பெண்டாட்டியும் சத்தியம் செய்தாள். ஆனால் அன்றைக்கு நான் இறங்கி வந்தபோது அவன் குடை வாசலில் விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது. குடை இல்லாமல் அவன் பக்கத்து லயத்துக்குக்கூடப் போகமாட்டான். கப்பலேறி இந்தியா வந்து மண்டபம் முகாமில் கிடந்தபோது, எல்லார் முன்னாலும் அந்தக் குடையைப் பற்றிக் கேட்டேன். "சின்னம்ம கொடைய வச்சு ஆளப் புடிக்கிறா பாரு" என்று சிரித்தார்கள். தம்பியைப் பறிகொடுத்துப் புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்றார்கள். முகாமிலேயே அவன் பெண்டாட்டி காய்ச்சலில் செத்தாள். பிறகு எங்களையெல்லாம் இந்த மலைக்கு அனுப்பி வீடு ஒதுக்கினபோது, என் அறைக்கு அடுத்த அறை அவனுக்கு விழுந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன் என்று அவன் வாயாலேயே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லவேண்டும். அதற்காகத்தான் நான் சாகாமல் இருந்தேன்.

கூடலூரில் பழைய பேப்பர் கடையில் ஒரு தடித்த நாவல் கிடைத்தது. அட்டை இல்லை, பெயர் இல்லை, பின்பாதியும் இல்லை. சூரியன் உதிக்காத ஒரு கோட்டை நகரம். அதற்கு வெளியே இருட்டில் திரிகிற நிழல்தின்னிகள். நிழலைத் தின்னக் கொடுத்தவன் தன் பெயரையே மறந்துவிடுவான். தன் நிழலை விற்று ராஜாவான ஒருவன், அவனை ஒழிக்கப் பிறந்த ஒரு ராணி என்று கதை போனது. அதை ஒரு மழைநாளில் கருப்பம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிலோனிலும் எங்கள் தோட்டத்தில் இருந்தவள்தான் கருப்பம்மா, இங்கே எனக்கு மறுபக்கத்து அறைக்காரி. வாய் ஓயாதவள். அன்றைக்கு வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் லயத்தில் நடுச்சுவர் எதுவும் கூரைவரை எட்டாது. ஒரு அறையில் தும்மினால் கடைசி அறையில் ஆயுசு நூறு என்பார்கள். ஆகவே ஒருத்திக்குப் படித்தது எல்லாருக்கும் படித்ததாகிவிட்டது. ஒரு வாரத்தில், சாயங்காலம் நான் விளக்கேற்றினால் லயமே அடங்கி உட்கார்ந்தது. குழந்தை அழுதால் அந்தந்தத் தாய் வாயைப் பொத்தினாள். மறுநாள் மலையில் கதையைப் பற்றியே பேச்சு. கோயம்புத்தூர்ப் பக்கத்து சூப்பர்வைசர் வேலுசாமி, கொழுந்து நிறுக்கிற இடத்தில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்கம்மா, அந்த ராணி தப்பிச்சாங்களா இல்லீங்களா? ஊட்டுக்குப் போயும் அதே நெனப்பா இருக்குதுங்க."

பொன்னுத்துரை மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். என் குரல் அவனுக்கு ஆகாது.

புத்தகத்தில் ஒரு காவல்காரன் வந்தான். கோட்டை வாசலைத் திறந்து மூடுகிற ஆள், அவ்வளவுதான். அவனைப் படித்த அன்றே எனக்கு உடம்பு சுட்டது. இருந்த பக்கங்கள் தீர்ந்தபின், இல்லாத பக்கங்களைப் புரட்டிப் புரட்டி நானே கதையை நடத்தினேன். ராஜாவை ஓரங்கட்டினேன். ராணியை நாடுகடத்தினேன். காவல்காரனை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஊரே அவன் முகத்தில் காறித் துப்பவேண்டும், சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறவன் மேல் அது விழவேண்டும் என்பது என் கணக்கு.

கணக்கு தப்பியது. கெட்டவனை வெறும் கெட்டவனாகச் சொன்னால் கருப்பம்மா கொட்டாவி விட்டாள். சரி, ஆளாகவே காட்டுவோம் என்று பொன்னுத்துரையிடமிருந்தே எடுத்துப் போட்டேன். காவல்காரன் பேசுவதற்கு முன் விரல்களைச் சொடுக்கெடுத்தான். ஈர்க்குச்சியால் காது குடைந்தான். செத்துப்போன பெண்டாட்டிக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டான். அடுத்த அறையில் தினமும் இரண்டு தட்டுச் சத்தம் எனக்குக் கேட்கும். அவ்வளவுதான், அத்தனை பேரும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ராணியைக் காட்டிக்கொடுக்க வைத்தேன். "பாவம், தனி மனுசன், என்னா செய்வான்" என்றாள் கருப்பம்மா. சினேகிதனுக்கு விஷம் வைக்க விட்டேன். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். கடைசியில் காவல்காரன் நல்லபடியாகத் திருந்தவேண்டும் என்று கருப்பம்மா மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டு வந்தாள். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பொன்னுத்துரை. எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரு கொலைகாரனுக்கு வயிற்றுவலி என்று சொன்னால் போதும், சுக்குத் தட்டிக்கொண்டு ஓடிவர இந்த ஜனங்களுக்குக் கால் துறுதுறுக்கிறது. என் தம்பிக்கு ஒரு வாய் வார்த்தை சொல்லாதவர்கள், இல்லாத ஒருவனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கவனித்தேன், அடுத்த அறையில் ரேடியோ பாடவில்லை. எப்போதிருந்து பாடவில்லை என்று தெரியவில்லை. அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். என்னை மதிக்காதவன் என் கதையை ரசித்துக் கேட்கிறான் என்று நினைத்ததும் புத்தகத்தை அடுப்பில் போட எழுந்தேன். ஆனால் அடுத்த நாள் விளக்கேற்றியதும் கை தானாக அதை எடுத்தது. நிறுத்த எனக்கும் மனம் இல்லை. அந்தக் காவல்காரன் அடுத்து என்ன செய்வான் என்று எனக்கே தெரிந்தாகவேண்டியிருந்தது.

ஒரு நாள் ஏதோ நினைப்பில் கோட்டைக்கு ஐந்து வாசல் என்று சொல்லிவிட்டேன்.

"ஏழு வாசல்னுல்ல முன்ன படிச்ச?" என்று சுவருக்கு மேலிருந்து வந்தது. பொன்னுத்துரையின் குரல். "இப்ப அஞ்சுங்கிற. ஒழுங்காப் பாத்துப் படி."

லயம் முழுக்கச் சிரித்தது. "மாமாவும் கேக்குறாரு டோய்!" என்று கத்தினாள் கருப்பம்மா. நானும் சிரித்து, ஏழுதான் மாமா, கண் தவறிவிட்டது என்றேன். தப்பாகச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. இத்தனை நாள் அவனிடம் உண்மையைச் சொல்லிச் சொல்லித்தான் நான் தோற்றிருக்கிறேன்.

ஆனி மாத மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே தலைகாட்ட முடியாத மழை. எல்லா அறையிலும் ஆள் இருந்தது. "இன்னைக்கு வாசல் கதை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

நிழல்தின்னிகள் ஊருக்குள் இறங்கின கதையைச் சொன்னேன். எல்லாரும் ஓட, ஒரு சின்னப் பையன் மட்டும் காவல்காரனை நம்பிக் கோட்டை வாசலுக்கு ஓடிவந்தான் என்றேன். அவன் பின்னாலேயே அதுகள் வந்தன. பையன் இரண்டு கையாலும் கதவை அடித்தான். மழைச் சத்தத்தைத் தவிர லயத்தில் ஒரு சத்தமில்லை. அடுத்த அறையில் விரல் சொடுக்கெடுப்பது கேட்டது. இது எந்தக் கதவு என்று அவனுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

"'காவல்காரன் உள்ளேதான் இருந்தான்'" என்று படித்தேன். "'தாழ்ப்பாளைப் பிடித்தபடி சாய்ந்து நின்றான். பையன் அடிக்க அடிக்க அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தான்.'"

"சிரிக்கல" என்றது சுவருக்கு அந்தப்பக்கம்.

"'குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.'"

"சிரிக்கலன்னு சொல்றேன்ல!"

"சும்மா இருங்க மாமா" என்றாள் கருப்பம்மா. "பொஸ்தகத்துல இருக்குறதத்தான படிக்கிறா."

"பொஸ்தகம் தப்பு."

தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை. "'பையனுக்கு ஆத்திரம் வந்தது. காவல்காரனை வாயில் வந்தபடி ஏசினான். உன் கை அழுகிப்போக, உன் வம்சம் அற்றுப்போக என்று மண்ணை வாரித் தூற்றினான்.'"

"ஏசல!" அடுத்த அறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. "அந்தப் புள்ள ஏசவே இல்ல. பொய் சொல்லாத. 'மாமா, நாந்தான் அழகையா. தொறங்க மாமா, அழகையா வந்துருக்கேன்'னு பேரச் சொல்லிச் சொல்லித்தான் கூப்பிட்டான். பேரத்தான் சொல்லிக்கிட்டே இருந்தான்."

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொருத்தரும் அந்தப் பெயரைக் கேட்டார்கள். கருப்பம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அழகையாவா? அப்ப நீ ஊட்டுலதான் இருந்தியா? ஆத்தா மேல சத்தியம் பண்ணுனியேடா!"

யாரோ ஒரு கிழவன் இருமினான். வேறொரு அறையில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். இந்த அழுகை காவல்காரனுக்கு இல்லை.

ஜெயித்துவிட்டேன். ஆனால் சந்தோஷப்பட என்னை அந்தப் பெயர் விடவில்லை. வெளியே நிற்பது யாரென்று மாமாவுக்குத் தெரியவில்லை, அதனால்தான் கதவு திறக்கவில்லை என்று என் தம்பி நினைத்திருக்கிறான். தெரிந்தால் திறந்துவிடுவார் என்று நம்பியிருக்கிறான். கடைசி மூச்சுவரை நம்பித்தான் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். இது எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் புடவையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது.

"சின்னம்ம. கதவத் தொற புள்ள."

எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"ஒரு வார்த்த பேசிட்டுப் போயிர்றேன். எம்பொஞ்சாதி காலப் புடிச்சுக்கிட்டா, தொறந்தா எல்லாரும் சாவோம்னா. எனக்கும் கை வரல. அந்தச் சத்தம் இன்னம் காதுலயே இருக்கு தாயி. தொற."

"தொறந்து விடேன் சின்னம்ம" என்று சுவருக்கு மேலிருந்து கருப்பம்மா அழுதுகொண்டே சொன்னாள். "கொடகூட இல்லாம நனையுறான்." காவல்காரனுக்குச் சூடம் கொளுத்தினவள் வேறு எப்படிப் பேசுவாள்?

தாழ்ப்பாள் சில்லென்று இருந்தது. விரலால் நெம்பினால் போதும். அந்தப்பக்கம் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. அன்றைக்கு இவ்வளவு பக்கத்தில்தான் அவனும் நின்றிருப்பான்.

"யாரு?" என்றேன்.

மழை மட்டும் பெய்தது. பிறகு, ரொம்ப மெதுவாக, "நாந்தான்... பொன்னுத்துரை" என்றான்.

"தெரியும்" என்றேன்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். அவன் மறுபடியும் தட்டினான். நான் அடுப்பு மூட்டி, ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைய உட்கார்ந்தேன்.