முட்டை அட்டை

கடிதத்தில் தமிழினியின் பெயர் இருந்தது. அதுவும் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. தெய்வநாயகிக்கு அதுதான் கூடுதலாக எரிந்தது. இருபத்திரண்டு வருடங்களில் அவள் வாங்கிய பயிற்சிச் சான்றிதழ்களில் ஒன்றிலாவது பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா? தேவநாயகி, தெய்வநாகி, ஒருமுறை வெறும் நாகி.

நாமக்கல்லில் பரமத்தி சாலையில் இருக்கும் அந்தக் கோழிநோய்ப் பரிசோதனைக்கூடத்தில் அவள்தான் மூத்தவள். செத்த கோழியின் ஈரலிலிருந்து கிருமியை எடுத்து, கண்ணாடித் தட்டில் இறுகிய அகர் கூழின்மேல் பூசி, அதன்மேல் மருந்து வில்லைகளை வைப்பாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் விழுந்திருக்கும். வட்டம் பெரிதென்றால் அந்த மருந்துக்கு நோய் கேட்கும். சிறிதென்றால் கேட்காது. அறிக்கையின் அடியில் பண்ணைக்காரர்களுக்குப் புரியும்படி 'கேக்கும்', 'கேக்காது' என்று பேனாவால் எழுதுகிற வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

ஆனால் எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் பெரிது? இதுநாள்வரை பல மருந்துகளுக்கு மனிதனுக்கு வைத்த அளவையே கோழிக்கும் வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் நம் ஊர்க் கோழிக்கென்று தனி அளவுகோல் வகுக்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஆறு பரிசோதனைக்கூடங்கள், கூடத்துக்கு ஒருவர். கூடத்தின் உரிமையாளர் டாக்டர் முருகானந்தம் தமிழினியின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். அதை ஏற்றுக் குழுவிலிருந்து வந்ததுதான் அந்தக் கடிதம்.

"தறிக்காரர் ஊட்டுப் புள்ளைங்க. இழை இழையாப் பாத்த கண்ணு" என்று வேறு எல்லோர் எதிரிலும் சொன்னார்.

தமிழினி எடப்பாடியிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகவில்லை. வில்லையை இடுக்கியில் பிடிக்கவே தெய்வநாயகிதான் கற்றுக்கொடுத்தாள். அந்தக் கண்ணைப் பற்றி இவர் பேசுகிறார். என் கண் என்ன, அவிந்தா போயிற்று? அன்று மதியச் சாப்பாட்டில் தமிழினி தட்டப்பயிற்றுக் குழம்பை நீட்டியபோது, "வவுறு சரியில்ல" என்று தெய்வநாயகி தன் டப்பாவை மூடிக்கொண்டாள். பொய்யில்லை, வயிறு எரியத்தான் செய்தது.

குழு அனுப்பிய கிருமிகளோடு ஒரு சோதனைக் கிருமியும் வந்திருந்தது. எந்த நாட்டில் எவர் செய்தாலும் என்ரோ என்கிற கோழி மருந்தின் வில்லைக்கு அது முப்பத்திரண்டிலிருந்து நாற்பது மில்லிமீட்டருக்குள் வட்டம் காட்டவேண்டும். அதைத் தாண்டினால் செய்தவர் கையில் கோளாறு என்று பொருள். தமிழினிக்கு நாற்பத்து மூன்று வந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் நாற்பத்து மூன்று.

"அக்கா, ஒருக்காப் பாருங்க. எங்க தப்பு உடறேன்னே தெரியலீங்க்கா."

"நீதான் குழுவுக்குப் போற ஆளு. எனக்கென்ன புள்ள தெரியும்?" என்றாள் தெய்வநாயகி. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மூன்றாம் நாள் முருகானந்தம் அவளைக் கூப்பிட்டார். "நாயகிம்மா, நீங்க ஒருக்காப் போட்டுப் பாருங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். அந்தக் கூடத்தில் சூடான கூழைத் தட்டில் ஊற்றி இறுகவைப்பது முட்டை அட்டைகளின்மேல்தான். நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? தட்டு நழுவாது, நான்கு நான்காகத் தூக்கிவைக்கலாம். அதுவும் தெய்வநாயகி கண்டுபிடித்த வசதிதான். ஆனால் அன்று அட்டைகளில் தமிழினியின் தட்டுகள் இருந்தன. அவள் பொருளைத் தொடவே மனம் ஒப்பாமல், தன் தட்டுகளைக் கருங்கல் மேடைமேல் பரப்பி ஊற்றினாள்.

அடுத்த நாள் அளந்தபோது அவளுக்கு முப்பத்தேழு வந்தது.

முருகானந்தம் ஸ்கேலை வைத்துத் தாமும் ஒருமுறை அளந்து பார்த்தார். "அனுபவம்னா அனுபவந்தாங்க. உங்க பேரையே மாத்தி அனுப்பிடறேன். அப்புறம், அஞ்சு வருச பழைய அளவுகளையும் அனுப்பச் சொல்லியிருக்காங்க. அளவுகோலே அதை வெச்சுத்தான் போடுவாங்களாம். எல்லாம் உங்க கையில எடுத்ததுதானே?"

தெய்வநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. தமிழினி வந்து, "சந்தோசமுங்க்கா" என்றாள். கண் சிவந்திருந்தது. அதையும் ஆசைதீரப் பார்த்துக்கொண்டாள்.

பார்த்தது போதவில்லை. தமிழினி உள்ளே போனதும், ஒதுக்கிவைத்திருந்த அவளுடைய தட்டு ஒன்றை எடுத்தாள். எங்கே கோட்டைவிட்டாள் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தாள். பூசியதில் குறையில்லை. வில்லை நேராக இருந்தது. தட்டைப் பக்கவாட்டில் திருப்பியபோதுதான் தெரிந்தது. கூழ் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. அட்டையைப் பார்த்தாள். பழைய அட்டை, நடுவில் தொய்ந்திருந்தது. நான்கு தட்டுகளும் நடுவைப் பார்த்துச் சாய்ந்து நின்றிருக்கின்றன. கூழ் உள்பக்கம் சேர்ந்து, வெளிப்பக்கம் மெலிந்து இறுகியிருக்கிறது. தட்டின் எண்ணை எழுதுவது வெளிப்பக்கம். முதல் வில்லையை வைப்பது எண்ணுக்கு நேரே. முதல் வில்லை எப்போதும் என்ரோதான். கூழ் மெலிந்த இடத்தில் மருந்து அகலப் பரவும். வட்டம் பெரிதாக விழும். கேட்காததும் கேட்பதாகக் காட்டும்.

எண்ணை வெளிப்பக்கம் எழுது, என்ரோவை முதலில் வை என்று தமிழினிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

போன ஆடியில் மோகனூர்ப் பண்ணைக்காரர் சின்னண்ணன் வந்து நின்றது ஞாபகம் வந்தது. "கேக்கும்னு எழுதிக் குடுத்தீங்க. மூணு நாள் தண்ணியில கலந்து உட்டேன். ஆயரத்து எரநூறு குஞ்சு போச்சுங்க. ஒண்ணுக்குங்கூடக் கேக்கலீங்களே?" தண்ணீரில் சரியாகக் கலக்கியிருக்கமாட்டீர்கள் என்று அவரைத்தான் கடிந்து அனுப்பினாள். சோதனைக் கிருமி எப்போதாவது பெரிய வட்டம் காட்டியபோதெல்லாம், கிருமி பழசு என்று எழுதி ஒதுக்கியதும் அவள்தான்.

பேசாமல் இருந்துவிடலாம். இனிமேல் எல்லோரும் கருங்கல்லில் ஊற்றுங்கள் என்றால் ஏனென்று கேட்கமாட்டார்கள். பெயர் அவளுடையதாகவே இருக்கும். தமிழினி கைப்பக்குவம் இல்லாதவளாகவே இருப்பாள். இந்த நினைப்பு இனிக்கவும் செய்தது. ஆனால் அந்த ஐந்து வருட அளவுகள் போகுமே. ஊர்க் கோழிக்கெல்லாம் வகுக்கிற அளவுகோல் இந்தத் தொய்ந்த அட்டைமேல் அல்லவா நிற்கும்? எத்தனை சின்னண்ணன்களை எத்தனை பேர் கடிந்து அனுப்புவார்கள்?

தட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். தமிழினி குழாயடியில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்கையில தப்பில்ல புள்ள. எம்பட அட்டையிலதான் தப்பு" என்று சொல்லித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

தமிழினி ஈரக்கையோடு தட்டை வாங்கிப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்ததைக் கண்டு தெய்வநாயகிக்கு மறுபடியும் எரிந்தது. அந்த எரிச்சலோடேயே முருகானந்தத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தமிழினியின் பெயரையே அனுப்பிவிடலாம் என்று அவர் சன்னமாகச் சொன்னார்.

மாலையில் தமிழினி படிவத்தோடு வந்து தயங்கி நின்றாள். பழைய அளவுகளை ஏன் சேர்க்கக்கூடாது என்று காரணம் எழுதவேண்டிய இடம் அது.

"அக்கா, இந்தப் பழக்கம் யாரு ஆரம்பிச்சதுன்னு கேட்டிருக்காங்க. 'பணியாளர்'னு மட்டும் போட்டுக்கட்டுங்களா?"

"வேண்டாம். பேரைப் போடு."

தமிழினி பேனாவை எடுத்தாள். தெய்வநாயகி எட்டிப் பார்த்தாள்.

"தெய்வநாயகி. தப்பில்லாம எழுது புள்ள. இதுலயாவது சரியா வரட்டும்."