துரைக்கு எட்டடி

என் வளர்ப்பு மீன் கடைக்கு வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் இரண்டடித் தொட்டியை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஓடித் திரிகிற கடல் மீனைக் கேட்டால் கொஞ்சவா முடியும்? "தொட்டியை மாத்திட்டு வாங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுவேன்.

தையல்காரம்மாவிடம் மட்டும் வாய் திறக்க முடியவில்லை. மூடிபோட்ட வாளியில் அவர் தூக்கி வந்த நீல டாங் என்கிற கடல் மீனை, நான்கு வருடத்துக்கு முன்பு கோட்டுப் பொத்தான் அளவில் விற்றவனே நான்தான். கடை திறந்த புதிது. "மூணடித் தொட்டி தாராளம்" என்று அளந்ததும் இந்த வாய்தான்.

"ஒரு வீச்சு போறதுக்குள்ள கண்ணாடி வந்துடுதுண்ணா. சட்டைன்னா பிரிச்சுத் தைச்சிருப்பேன். பெரிய தொட்டிக்கு என் வீட்டுல சுவர் ஏது? மெஷின் ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம். நீங்களே வச்சுக்குங்க."

"தப்பு என்னோடதும்மா," என்றேன்.

"அதை விடுங்க. துரையை எங்க விடப்போறீங்க, காட்டுங்க." துரை என்பது மீனுக்கு அவர் வைத்த பெயர்.

கடையின் பின்சுவர் முழுக்க எட்டடித் தொட்டி. அந்தத் தண்ணீரை வாளியில் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கி, ஒரு மணி நேரம் கழித்துத் துரையை இடது ஓரத்தில் விட்டேன். விர்ரென்று கிளம்பியது. பாதி வழிகூடப் போகாமல் சடாரென்று திரும்பியது. மறுபடியும் போனது, அதே இடத்தில் திரும்பியது. அங்கே கண்ணாடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தையல்காரம்மா கழுத்திலிருந்த நாடாவை எடுத்து அளந்தார். சரியாக மூன்றடி.

"பழக்கம்மா. போகப்போக சரியாயிடும்," என்று சமாளித்தேன்.

அவர் பையிலிருந்து காய்ந்த கடற்பாசியை எடுத்துக்கொண்டு வலது கோடிக்குப் போனார். தினமும் அவர் கையிலிருந்து பிடுங்கித் தின்கிற மீன் அது. விரலைத் தண்ணீரில் விட்டு, "வாடா துரை. ஒண்ணும் இடிக்காது, வா," என்றார்.

மூன்றடியில் துரை தயங்கி நின்றது. பிறகு ஒரே பாய்ச்சலில் வந்து பாசியைப் பிடுங்கிக்கொண்டு, எட்டடியையும் கடந்து இடது கோடிக்கே ஓடியது. திரும்பவும் வந்தது, போனது. அவர் விரல் தண்ணீரில்தான் இருந்தது. துரை அதைச் சட்டையே செய்யவில்லை.

"அவ்வளவுதாண்ணா. இனிமே என்னைத் தேடாது," என்று சிரித்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அந்த ஈரக் கைதான் இருந்தது.

எல்லோரையும் வாசலோடு அனுப்புகிற நான், காலி வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை அவர் கூடவே போனேன்.