யாரும் கத்தாத பாட்டு

என் அண்ணிக்கு ஒரே ஒரு ஆள் மேல் கோபம் வந்தால் மட்டும் சோறு இறங்காது. அந்த ஆளை அவள் நேரில் பார்த்ததுகூட இல்லை. போனில் நாங்கள் இருக்கும் ரசிகர் குழுவில் அவருக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். நாங்கள் செல்லமாகச் சிட்டு என்று கூப்பிடும் பாடகியின் ஆல்பம் எவ்வளவு விற்றது, எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள், யாரை முந்தினாள், யாரிடம் தோற்றாள் என்று விடிந்தும் விடியாமலும் குழுவில் போட்டுவிடுவார். பெற்ற பிள்ளையின் மார்க்கைக்கூட யாரும் அப்படித் துருவிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விற்பனைக் கணக்கில் அண்ணிக்கு அவரோடு தகராறு இல்லை. தகராறு வந்தது ஒரு குரல் பதிவால்.

"விக்கிறது உண்மைங்க, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா மேடையில பாடுறா பாருங்க, அதுதான் பொய். வாய் அசையுது, பின்னால பதிவு ஓடுது. அவ்வளவுதான் விஷயம்."

நானும் அண்ணியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. ஆபரேஷன் முடிந்து கழுவி வரும் கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் விரித்துப் பார்த்து, மூட்டுக்கு எண்ணெய் விட்டு, தட்டில் அடுக்கி, துணியில் பொட்டலம் கட்டி, கிருமி சாக நீராவி இயந்திரத்துக்குள் தள்ளுவது எங்கள் பிழைப்பு. அந்தக் குரல் பதிவைக் கேட்டதும் அண்ணி கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கேட்டியா அந்தாளு பேச்சை?"

"விடுங்க அண்ணி. வேலை வெட்டி இல்லாதவரு."

"பதிவாம். அவ மூச்சு வாங்குறது கேக்கலையா அவருக்கு? காதுல என்ன பஞ்சா வச்சிருக்காரு?"

குழுவில் அண்ணியின் பெயர் காது. எந்த மேடை வீடியோவைப் போட்டாலும் எந்த வரியைச் சிட்டு வாயால் பாடினாள், எந்த வரியில் பின்னால் பதிவு கை கொடுத்தது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். ஆடிக்கொண்டே பாடும் பாட்டுகளில் பாதிக்கு மேல் பதிவுதான் என்பதை அவளே ஒப்புக்கொள்வாள். தனக்குப் பிடித்தவள் என்பதற்காக ஒரு வரிகூட மழுப்ப மாட்டாள். அதனால்தான் சண்டை முற்றும்போது எதிர்ப்பக்கத்துக்காரர்கள்கூட "காது சொல்லட்டும்பா" என்று ஒதுங்கி நிற்பார்கள். எங்கள் வீட்டில் அவள் சொல் எடுபடும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குழுவில் எடுபட்டது.

எங்கள் வீட்டு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு நிரந்தர வேலை என்று சொல்லித்தான் அவளைப் பெண் கேட்டார்கள். கல்யாணமாகி வந்த பிறகுதான், கூப்பிட்டால் மட்டும் லாரி ஓட்டப் போகிறவர் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அவள் சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். "ஜன்னல் பாட்டு" என்று நாங்கள் சொல்லும் மெதுவான பாட்டு ஒன்று இருக்கிறது. முதல் பாதியில் வாத்தியமே கிடையாது, வெறும் குரல். அதைக் கேட்டுக்கொண்டுதான் பாத்திரம் தேய்ப்பாள், அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவாள்.

"மத்த பாட்டு எப்படியோ போகட்டும்" என்று அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சொன்னாள். "ஜன்னல் பாட்டை அவ நேர்லதான் பாடுறா. அதுவும் பொய்னு ஆயிட்டா, அப்புறம் எனக்குனு என்னடி இருக்கு?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

அவள் கணக்குப்பிள்ளைக்குப் பதில் போட்டாள். எல்லா வீடியோவிலும் கூட்டம் கூடவே கத்திப் பாடுகிறது, அந்த இரைச்சலில் உங்களுக்குக் குரல் பிடிபடவில்லை என்றாள். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னு சொன்னாளாம்" என்று அவர் சிரித்தார். "சரி, கூட்டம் கத்தாத ஒரு பதிவைக் கொண்டாங்க. கேட்டுட்டு ஒத்துக்கிறேன். குழுவுல எல்லார் முன்னாடியும் தோத்துட்டேன்னு எழுதுறேன்."

அண்ணி பிடித்துக்கொண்டது அந்த வார்த்தையைத்தான்.

அடுத்து சிட்டு பாடவிருந்தது எங்கள் ஊரில். எல்லா ரசிகர் குழுக்களுக்கும் அண்ணி செய்தி அனுப்பினாள். ஜன்னல் பாட்டு தொடங்கியதிலிருந்து முடிகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. கூடப் பாடக் கூடாது, கை தட்டக் கூடாது, போனைத் தூக்கக் கூடாது. ஒரே ஒரு போன், காதுடையது, சுத்தமாகப் பதிவு செய்யும். சிட்டுவின் உண்மையான குரலை உலகம் கேட்கட்டும். இதுதான் நாம் அவளுக்குக் கொடுக்கும் பரிசு.

யோசனை தீப்பிடித்த மாதிரி பரவிவிட்டது. உதட்டில் விரல் வைத்த படம் ஒன்றை யாரோ வரைந்து அனுப்பினார்கள். அண்ணி அதைச் சின்னச் சின்னச் சீட்டாக அச்சடித்து, அரங்கத்து வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அவள் அவ்வளவு பேரிடம் அவ்வளவு தைரியமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. வாசல் காவலாளிகள்கூட அது நிகழ்ச்சிக்காரர்கள் கொடுக்கும் சீட்டு என்று நினைத்து, வாங்காமல் போனவர்களையும் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அரங்கம் முழுக்க ஒரு ஆள் விடாமல் விஷயம் போய்ச் சேர்ந்தது.

சிட்டுவைத் தவிர. பரிசை முன்கூட்டியே யாராவது சொல்வார்களா என்று விட்டுவிட்டோம்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் போனது. ஆட்டப் பாட்டுகளுக்கு நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். பிறகு விளக்குகள் அணைந்து, ஒரே ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. ஜன்னல் பாட்டு. அண்ணி போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பதிவை ஓடவிட்டாள்.

முதல் நாலு வரி பாடினாள். நான் கேலிக்காரி, எதற்கும் சுலபமாக மயங்குகிறவள் இல்லை. ஆனால் அந்த நாலு வரிக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூச்சு எடுப்பது கேட்டது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிவது கேட்டது, ஒரு இடத்தில் சுருதி நூலளவு விலகித் திரும்பி வந்தது. பதிவில் அப்படியெல்லாம் வராது. அண்ணி என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர். ஜெயித்துவிட்டாள்.

ஐந்தாவது வரியை எப்போதும் கூட்டம்தான் பாடும். சிட்டு மைக்கை எங்கள் பக்கம் நீட்டுவாள், நாங்கள் பாடுவோம், அவள் அதற்குள் மூச்சு பிடித்துக்கொண்டு அடுத்த உச்சிக்கு ஏறுவாள். அந்தப் பாட்டு மேடையில் அப்படித்தான் நடக்கும். இத்தனை வருஷமாக அத்தனை வீடியோ பார்த்த எங்களில் ஒருவருக்குக்கூட அது ஞாபகம் வரவில்லை.

அவள் மைக்கை நீட்டினாள். அரங்கத்தில் ஈ பறந்தால் கேட்கும்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மைக்கை வாய்க்குக் கொண்டுபோய் அந்த வரியைத் தாமதமாக, அவசரமாகத் தானே பாடினாள். மூச்சு போதவில்லை. உச்சியில் குரல் உடைந்தது. மறுபடி பிடிக்கப் பார்த்தாள், மறுபடி உடைந்தது. நிறுத்திவிட்டாள். முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்ததால் எங்களை அவளால் பார்க்க முடியவில்லை போல. கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்தாள்.

"இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பாட்டுக்கு நடுவில் அவள் பேசியது அது ஒன்றுதான். சின்னப் பிள்ளை இருட்டு அறையில் நின்று கேட்பதுபோல் கேட்டாள். இருக்கோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணியின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது.

"ஷ்ஷ்" என்றாள் என் காதோடு. "பாட்டு இன்னும் முடியல."

சுற்றிலும் எல்லோரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, முகம் மலர, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பாசத்தோடு இருந்தோம். சிட்டு தலையை ஆட்டினாள், எதையோ புரிந்துகொண்டவள்போல. மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பாட்டு முடிந்துவிட்டது என்று அப்போதுதான் கூட்டத்துக்குப் பட்டது. வாக்கைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் அரங்கமே எழுந்து நின்று கத்தியது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினோம். பின்வரிசையில் யாரோ இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக மூன்று விசில் அடித்தார். அவள் திரும்பி வரவில்லை.

மிச்ச ஊர்களில் நடக்கவிருந்த நிகழ்ச்சிகளை ரத்து செய்தார்கள். சில நாள் கழித்து அவள் ஒரு சிறிய வீடியோ போட்டாள். மேக்கப் இல்லாத முகம். "இனிமே மேடையில பாடப் போறதில்லை. அன்னிக்கு நீங்க வாயைத் திறந்து சொல்லலை, ஆனா எனக்குப் புரிஞ்சுது. நான் போன பிறகு எவ்வளவு சந்தோஷமா கத்தினீங்கன்னும் உள்ள நின்னு கேட்டேன். கோபம் எல்லாம் இல்ல. நன்றி."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. அண்ணி அந்த வீடியோவுக்குக் கீழே நடந்ததையெல்லாம் எழுதினாள். இது பாசம், இது பரிசு, நாங்கள் முட்டாள்கள் என்று எழுதினாள். அழித்துத் திருத்தி மறுபடி மறுபடி எழுதினாள். லட்சக்கணக்கான கருத்துகளுக்கு நடுவில் அது எங்கே கிடந்ததோ. யாரும் பதில் சொல்லவில்லை.

வீட்டில் அவள் சமைத்ததில் உப்பு இருந்தால் உறைப்பு இல்லை. ஒரு நாள் அண்ணன் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"யாரு செத்துட்டாங்கன்னு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? அந்தப் பொண்ணு பாட்டு இப்பதான் ரொம்ப ஓடுதாமே. ரேடியோவுல எல்லாம் அதுதான்."

அது உண்மை. இனிமேல் மேடைக்கு வரமாட்டாள் என்றதும் ஊரே அவள் பாட்டை வாங்கிக் கேட்டது. கணக்குப்பிள்ளைக்குக் கை ஓயவில்லை. பழைய ஆல்பம்கூடத் திரும்பவும் முதலிடத்துக்கு வந்துவிட்டது, இதுபோல் யாருக்கும் நடந்ததில்லை என்று பட்டாசு கொளுத்தாத குறையாக எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவு என்னாயிற்று என்று அண்ணியை அவர் கேட்டபோது, சரியாக விழவில்லை என்று சொல்லிவிட்டாள். சரியாகத்தான் விழுந்திருந்தது. நாலு வரி, அவர் கேட்ட மாதிரியே சுத்தமாக. ஆனால் அதை வெளியே விட்டால் மிச்சம் எங்கே என்று கேட்பார்கள், அதற்குப் பின்னால் வருவதையும் உலகம் கேட்கும்.

பிறகு அவளுடைய பாட்டுக் கம்பெனி புது ஆல்பம் ஒன்றை வெளியிட்டது. சிட்டுவின் கடைசி மேடை, நேரடிப் பதிவு. முதல் நாளே சாதனை படைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் நானும் அண்ணியும் ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னல் பாட்டைக் கேட்டோம்.

நாலு வரி அப்படியே இருந்தது. உடைந்த இடத்தை ஒட்டுப்போட்டுச் சரியாக்கியிருந்தார்கள். பிறகு அவள் குரல் கேட்டது, "இருக்கீங்களா?" அது கேட்டு முடிவதற்குள் கூட்டம் எழுந்து கத்தியது, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. அதற்குள்ளிருந்து நீளமாக மூன்று விசில்.

அண்ணி மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள்.

"இது நாமதான்" என்றாள். "அவ போனப்புறம் கத்துனோமே, அதை எடுத்து இங்க வச்சிருக்காங்க."

நான் பதில் சொல்வதற்குள் குழு அதிர ஆரம்பித்தது. சத்தம் ஒட்டவைத்தது என்றார்கள் சிலர். எல்லாமே பொய் என்றார்கள். கணக்குப்பிள்ளை நேராகக் கேட்டார்.

"அன்னிக்கு நேர்ல இருந்தவங்கள்ல நான் நம்புறது காதை மட்டும்தான். காது பொய் சொல்லி நான் பாத்ததில்லை. நீங்களே சொல்லுங்க, அவ கேட்டப்ப நீங்க இப்படிக் கத்தினீங்களா? சத்தம் நிஜம்னா பாட்டும் நிஜம்னு ஒத்துக்கிறேன்."

உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் போனில் இருந்த முழுப் பதிவைத் திறந்தாள். அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். அழித்துவிட்டாள். பிறகு எழுதினாள்.

"ஆமாம். அவள் கேட்டாள். நாங்கள் இருக்கிறோம் என்று எல்லோரும் சேர்ந்து கத்தினோம். நானும் கத்தினேன்."

"ஏன் அண்ணி?" என்றேன்.

"அப்படித்தானே நடந்திருக்கணும்" என்றாள்.

பிறகு கணக்குப்பிள்ளையிடமிருந்து பதில் வந்தது. "காது சொன்னா சரி. அவ நேர்லதான் பாடியிருக்கா. நான் தோத்துட்டேன்."

அண்ணி அதைப் படித்தாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நீராவி இயந்திரம் இரைந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய் அதன் பக்கத்தில் நின்று, வாய்விட்டு, சத்தமாக அழுதாள்.