சவக்கதவு

துளைக்கிற மெஷின் மறுபடி உறுமியதும் டெஸ்மண்ட் கண்ணைத் திறந்து, மனைவி மாவிஸ் வாயருகே நீட்டிய ஸ்பூனைத் தட்டிவிட்டார்.

"என்ன சத்தம் அது?"

"பக்கத்து வீட்டுல. வாயைத் திற."

"எவன் அனுமதி குடுத்தான்? முந்நூறு வருஷத்துச் சுவர்! கவுன்சிலுக்குப் போன் போடு."

மாவிஸ் போனைக் காதில் வைத்து, எந்த எண்ணையும் அழுத்தாமல் பேசினாள். "ஆமாங்க, புராதனச் சங்கத் தலைவர் வீட்டுலேருந்துதான். ரொம்ப அக்கிரமங்க. உடனே ஆள் அனுப்புங்க." போனை வைத்துவிட்டு சூப்பைக் கலக்கினாள். "வர்றாங்களாம்."

டெஸ்மண்ட் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தார்.

ஹாதர்விக்கைக் கிராமம் என்று அவர் ஒருவர்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நகரம் அதை எப்போதோ விழுங்கிவிட்டது. மாதா கோயில் கோபுரம், பழைய சுங்கச்சாவடி, தப்பி வந்த மாடுகளை அடைத்த கல் பட்டி. இவற்றுக்கு இடையில் மீன் வறுவல் கடை, பஸ் நிழற்குடை, பல் டாக்டர். பழையதை ஞாயிறுதோறும் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுவார். புதியதை எதிர்த்து மனுப் போடுவார். மீன் கடையின் விளக்குப் பலகை அவரால் இருண்டது. பல் டாக்டர் வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை வராமல் போனதும் அவர் கைங்கரியம்தான்.

சொந்த வீட்டில் மட்டும் விட்டுவைப்பாரா? சுழன்று இறங்கும் படிக்கட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கயிறு மாவிஸின் கையோடு வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள், ஒரு கைப்பிடி போடலாம் என்று கெஞ்சினாள். "அந்தச் சுவருல ஆணி இறங்குறதுக்கு என் நெஞ்சுல இறங்கட்டும்," என்றார். வேறு கயிறு வாங்கிக் கட்டினார். அன்றிலிருந்து அவள் தவழ்ந்து ஏறினாள், சின்னக் குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாமல் சமையலறைத் தொட்டித் தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டாள். அவரை அவள் வெறுத்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இனி இவர் கீழே இறங்கமாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்றே, கட்டட வேலை செய்யும் டரனைக் கூப்பிட்டாள். கீழே பின்னறையில் ஷவர். படிக்கு இரும்புக் கைப்பிடி.

அந்தப் பின்னறைக்கு நேர் மேலேதான் டெஸ்மண்டின் கட்டில். கட்டிலை ஒட்டித் தரையில் இரும்பு வளையம் வைத்த பலகைக் கதவு. சவப்பெட்டி அந்தப் படியில் திரும்பாது என்று முன்னோர் வைத்த சவக்கதவு. சங்கத்து ஆட்கள் நால்வர் கயிறு பிடிக்க, தன் பெட்டி இதன் வழியாக இறங்க வேண்டும். டெஸ்மண்டின் ஆசை அது ஒன்றுதான். மாவிஸும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

"அதைத் திற. ஒரு தடவை பாத்துக்கறேன்."

"எனக்கு முட்டி மடங்காது, டெஸ்மண்ட்."

"உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு மடங்காது."

மாவிஸ் எழுந்து, உட்கார்ந்தபடியே படியிறங்கினாள்.

"கைப்பிடி மாட்டியாச்சு மாவிஸம்மா," என்றான் டரன். "பசை காயணும். சாயங்காலம் வரைக்கும் தொட்டுராதீங்க. மேல பெரியவருக்குத் தொந்தரவா இருக்கா?"

"நல்லாக் கேட்டுக்கிட்டிருக்கார்," என்று டீயை நீட்டினாள். "கொஞ்சம் பலமாவே அடி."

அப்போதுதான் மேலே தொப்பென்று விழுந்த சத்தம்.

அவள் தவழ்ந்து ஏறிப் போனபோது டெஸ்மண்ட் தரையில் குப்புறக் கிடந்தார். எங்கிருந்துதான் பலம் வந்ததோ, சவக்கதவைத் திறந்திருந்தார். தலை அந்தத் திறப்புக்குள் தொங்கியது. ஒரு முழ ஆழத்தில் ஷவர் அறையின் புதுக் கூரைப் பலகை வெள்ளையாக வழியை அடைத்திருந்தது. அதன் மேல் மின்கம்பிகள். நடுவில் விளக்கு மாட்ட ஒரு வட்ட ஓட்டை.

"இது... யார் வீடு?"

இன்னொரு பொய் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லவில்லை.

"நம்ம வீடுதான். படிக்குக் கைப்பிடியும் போட்டாச்சு."

"போன்... போன் போடு, மாவிஸ்."

போன் மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாவிஸ் கட்டிலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய விரல்கள் பலகையைப் பிறாண்டின. பிறகு நின்றுவிட்டன.

கீழே டரன் கைவிளக்கைப் போட்டான். ஓட்டை வழியாக வெளிச்சம் டெஸ்மண்டின் முகத்தில் அடித்தது.

"அட, பெரியவரே எட்டிப் பாக்கறாரா!" டரனின் குரல் உற்சாகமாக வந்தது. "எப்படிங்கய்யா, நல்லாயிருக்கா?"

டெஸ்மண்டின் கண் இமைக்கவில்லை.

சாயங்காலம் சவ அடக்கக் கம்பெனியிலிருந்து கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேர் வந்தார்கள். படியின் வளைவைப் பார்த்து மூத்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்ட்ரெச்சர் திரும்பறது கஷ்டம்மா. வேற வழி ஏதும் இருக்கா?"

சவக்கதவை மூடி, அதன்மேல் அவள் கம்பளத்தை விரித்திருந்தாள்.

"இல்லீங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறக்குங்க."

துணியில் சுற்றி வார் போட்டு, திருப்பத்தில் கிட்டத்தட்ட நிற்க வைத்து இறக்கினார்கள். "நல்ல உறுதியா மாட்டியிருக்காங்க," என்று ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது கேட்டது.

வண்டி போன பிறகு மாவிஸ் மேல்படியில் நின்றாள். பழக்கத்தில் உட்காரப் போனாள். பிறகு நிமிர்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே இறங்கினாள்.