தாளாளரைத் தாங்கிய செயற்கைக்கோள்

1

சகலமான தமிழ் மக்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: 2009ஆம் ஆண்டில், சிதம்பரத்துக்கு அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், மனிதகுலத்தின் போக்கையே மாற்றவல்ல செயற்கைக்கோள் ஒன்று உருவானது. அது முழங்கால் உயரம் இருந்தது.

இந்தக் கதை எனக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில், பஸ் வராத கடுப்பில் கிடைத்தது. சொன்னவர் தேவநாதன். குடிகாட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பம்புசெட் பாகங்களை அதிர்வு மேடையில் பூட்டி, தாங்குமா என்று குலுக்கிப் பார்க்கிறவர். "சார், நான் ஒரு தபா சாட்டிலைட்டையே குலுக்கியிருக்கேன்" என்றார். நான் நம்பவில்லை. பஸ்ஸும் வரவில்லை. நம்பினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜெயராணியின் கண்களில் நட்சத்திரங்கள் மின்ன, அலைகளின் தாலாட்டில்..." வேண்டாம். கடலூர்த் துறைமுகத்தை ஒட்டிய குப்பத்துப் பெண் என்றதும் அலை, வலை என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அவளுக்கு மீன் கவிச்சியே ஆகாது.

ஜெயராணி ஆராய்ச்சி மாணவி. ராக்கெட் கிளம்பும்போது உலுக்குகிற உலுக்கலில் அந்தச் செயற்கைக்கோள் பெட்டி எப்படி ஆடும் என்று கணினியில் மாதிரி கட்டி முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. பிறகு நிஜப் பெட்டியைக் குலுக்கி, கணக்கு சரிதானா என்று ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் ஆய்வேடு. ஆய்வேட்டைக் கொடுத்தால் விழுப்புரத்தில் விரிவுரையாளர் வேலை. அவர்கள் ஜூன் வரைதான் காத்திருப்பார்கள்.

[இங்கே சஸ்பென்ஸ் வைக்கலாம் என்று யோசித்தேன். எதற்கு? ஒத்துப்போகவில்லை.]

பெட்டியின் பக்கச்சுவர் வினாடிக்குத் தொண்ணூறு அதிர்வில்தான் ஆட்டம் போடத் தொடங்கும் என்றது கணினி. தேவநாதனின் மேடையில் அது அறுபதிலேயே ஆடிவிட்டது.

3

காரணம், கல்லூரி ஆண்டு விழா. அங்கே தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் நிறுத்தம், கழிப்பறை எது கட்டினாலும் 'தாளாளர் சடையப்பன் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது' என்று பலகை பதிப்பது வழக்கம். செயற்கைக்கோளில் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பதித்தார்கள். கனத்த பித்தளை, நான்கு திருகாணி, பக்கச்சுவரின் நட்டநடுவில். ஜெயராணி கணினி மாதிரியைக் கட்டியது விழாவுக்கு முன்பு. அதில் சடையப்பன் இல்லை.

அப்போது ரசாயன ஆலைகளைத் தாண்டிப் பட்டறைக்குள் வந்த குடிகாட்டுக் காற்று... அதை வர்ணிக்க மூக்கைப் பொத்திக்கொண்டு எழுத வேண்டும். விடுங்கள்.

"அண்ணே, ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

"எதுக்கும்மா?"

"தாளாளரக் கழட்டணும்."

தேவநாதன் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். பலகை இல்லாமல் குலுக்கினால் எண்பத்தொன்பது. கணக்கு சரி. பலகையைத் திரும்பப் பூட்டும்போது ஜெயராணி சிரித்துக்கொண்டிருந்தாளாம். சிதம்பரம் போய்ச் சேரும்வரைதான் அந்தச் சிரிப்பு.

4

அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் தில்லைநாதனை வில்லனாக்கத்தான் முயன்றேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. காலையில் நடராஜர், மாலையில் சர்க்கரை மாத்திரை என்று இருப்பவரை எப்படி வில்லனாக்குவது?

"சார், பலகை கனத்துலதான் அதிர்வு எறங்குது. அந்த ஒரு வரிய எழுதிடறேன்."

"எழுதி? உங்க பேரு வெச்சதால சாட்டிலைட்டு கெட்டுப்போச்சுன்னு அவருகிட்டயே குடுப்பியா?"

"அப்ப கழட்டிடலாம் சார்."

"நீ கழட்டு. நான் அன்னைக்கி லீவு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, மாதிரியில அலுமினியத்தோட விறைப்பக் கொஞ்சம் கொறச்சுப் போடேன். கணக்கு தானா அறுபதுக்கு எறங்கிடும். நாளைக்கே கையெழுத்துப் போடறேன்."

"அலுமினியம் என்ன சார் பண்ணுச்சு?"

"அதுக்குன்னு சொந்தமா ஒரு கல்லூரி கெடையாது."

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: சோதனைக்கு ஏற்ப மாதிரியைத் திருத்துவது இந்தத் துறையில் மரியாதையான வேலைதான். எது தப்போ அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வரைபடத்தில் இரண்டு கோடும் ஒட்ட வேண்டும் என்பதற்காகக் குற்றம் செய்யாத உலோகத்தின் மேல் பழி போட்டால் கணக்கு பொய், ஆய்வேடும் பொய். பழியை இடம் மாற்றும் கலையை நம் ஊருக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.]

5

ஆய்வகத்தில் கணினி முன்னால் ஜெயராணி. அம்மா சின்னம்மாள் போனில்.

"எப்பதான்டி முடிப்ப? கேக்குறவுங்களுக்குப் பதில் சொல்லி எனக்கு வாயி வலிக்குது."

"ஒரே ஒரு நம்பருதாம்மா பாக்கி."

"அதப் போட்டுட்டு வாயேன்!"

முடிவு அ: போடுகிறாள். விழுப்புரத்தில் வேலை. அலுமினியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

முடிவு ஆ: போடவில்லை. உண்மை வெல்கிறது. ஆய்வேடு தில்லைநாதனின் அலமாரியில் தூங்குகிறது. வேலைக்கு வேறொருத்தி போகிறாள்.

முடிவு இ: அலுமினியத்தைத் தொடாமல், பலகையையும் மாதிரியில் சேர்க்கிறாள். கணக்கு அறுபதுக்கு இறங்குகிறது. அறிக்கையில் 'தாளாளர் பலகையின் பங்களிப்பு' என்று தலைப்பு, கீழே வண்ணப்படம். அதற்கும் கீழே, பலகையால் முப்பது அதிர்வு குறைந்தது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. சடையப்பன் படத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார். "கம்ப்யூட்டர்லயும் நம்ம பேரு வந்துடுச்சாய்யா?" தில்லைநாதன் கையெழுத்துப் போடுகிறார்.

மூன்றாவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே அதன்மேல் சந்தேகமாகவும் இருக்கிறது. தேவநாதன் முடிவைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. திரையில் 'விறைப்பு' என்ற கட்டம் இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. ஜெயராணியின் விரல் விசைப்பலகையின்மேல் இருக்கிறது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த ராக்கெட்டிலும் இடம் கேட்டு அந்தக் கல்லூரி விண்ணப்பிக்கவே இல்லை.