வீட்டில் விட்டு வந்தது

பேருந்து பிரஸ்ஸல்ஸைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் வழிகாட்டி ஹில்டே மைக்கை எடுத்தாள். கால்வாய் நகரமான ப்ரூஜுக்குப் போகும் நாளெல்லாம் இப்படித்தான் தொடங்குவாளாம். மைக் இருக்கை இருக்கையாகப் போகும். பேர், ஊர், வீட்டில் விட்டு வந்ததில் எதை அதிகம் தேடுகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

"நாயோ, கட்டிலோ, காப்பியோ, எதுவா இருந்தாலும் சரி. புருஷனை விட்டுட்டு வந்தவங்க மட்டும் உண்மையைச் சொல்லிடாதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒஹையோவிலிருந்து வந்த வெர்னும் அவர் மனைவி லோரெயினும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல். வெர்ன் மைக்கை வாங்கி, "என் சாய்வு நாற்காலி. அது என்னை ஒரு கேள்வியும் கேக்காது" என்றார்.

"அதையே கட்டியிருக்கலாம் இவரு" என்றாள் லோரெயின். "அது இவரைத் தாங்கும். நான்தான் தாங்க மாட்டேங்கறேன்."

நான் காப்பி என்று சொல்லிவிடலாமென்று முடிவு செய்து வைத்திருந்தேன். ஆனால் மைக் முதலில் பக்கத்திலிருந்த என் கணவன் டார்சியிடம் போனது.

"டார்சி. கனடா, சஸ்கட்டூன். எங்க பொண்ணைத் தேடறேன். பேரு ஹேசல். இப்போ பத்து மாசம்."

பேருந்து முழுவதும் ஒரே குரலாக உருகியது. லோரெயின் இருக்கைமேல் ஏறாத குறையாகத் திரும்பி எங்களைப் பார்த்தாள். மைக் என் கைக்கு வந்தது. "மாரென்" என்று மட்டும் சொல்லிப் பின்னால் கொடுத்துவிட்டேன்.

ஹேசல் போன ஜூலையில் பிறந்தாள். இரண்டு நாள் இருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே டார்சி தொட்டிலைப் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டினான். அந்த வாரமே அறைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தான். அதற்குப் பிறகு அவள் பெயரை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நான் சொன்னால் எழுந்து போய் வாசலில் பனி தள்ளுவான். பனி இல்லாத நாளிலும் வெளியே போய் நிற்பான். இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியது ஹேசல் வருவதற்கு முன்பு. திருப்பித் தர மாட்டார்கள் என்பதால் வந்தோம். ஊர் திரும்பியதும் ரெஜைனாவில் என் அக்கா க்ரேட்டா வீட்டுக்குப் போய்விடுவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். டார்சியிடம் சொல்லவில்லை. மறந்துவிட்ட ஒருவனோடு எப்படி இருப்பது?

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று அவன் காதருகே கேட்டேன்.

"அவ கேட்டா. சொன்னேன்."

"உயிரோட இருக்கறான்னு நினைக்கறாங்க எல்லாரும்."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டான். வெளியே தட்டையான வயல்கள், மாடுகள். எங்கள் ஊர்ப் பக்கம் மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் ஈரமாக.

ப்ரூஜில் இறங்கியதிலிருந்து லோரெயின் எங்களை விடவில்லை. ஹில்டே தன் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டைப் பற்றிச் சொல்ல, லோரெயின் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டாள். துணி வணிகர்கள் கட்டிய வீடுகளை ஹில்டே காட்ட, இவள் குழந்தை ராத்திரி தூங்குகிறதா என்று கேட்டாள். டார்சி பாதிக் கேள்விகளுக்குத் தோளைக் குலுக்கினான்.

"அது சரி, இப்போ யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"எங்கம்மா பக்கத்துல இருக்கா."

டார்சியின் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. அவர் பக்கத்தில்தான் ஹேசலைப் புதைத்தோம். நான் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவன் மேல் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. காலையிலிருந்தே அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு லேஸ் பின்னல் கடை. பின்னும் விதத்தை ஒரு பெண் செய்து காட்டினாள். லோரெயின் மட்டும் காணாமல் போனாள்.

"உள்ள போயிட்டா" என்றார் வெர்ன். "இவ லேஸ் கடைக்குள்ள போனா நான் கிழவனாகித்தான் வெளிய வருவேன்."

"நீ கிழவனாத்தானே உள்ள வந்த!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வெளியே வந்தபோது சின்னக் காகிதப் பை ஒன்றைக் கைப்பையில் செருகிக்கொண்டிருந்தாள்.

பிறகு படகு. கால்வாயில் பாலங்கள் தாழ்வாக வரும். ஹில்டே "தலை!" என்று கத்தும்போதெல்லாம் எல்லோரும் குனிந்தோம். லோரெயின் எனக்கும் டார்சிக்கும் நடுவே முழங்காலை நுழைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"முடி யார் மாதிரி?"

"கறுப்பு" என்றான் டார்சி.

"இல்ல" என்றேன்.

எதற்கு வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"உச்சியில கறுப்பு. பின்கழுத்துல பழுப்பு. சுருட்டிக்கிட்டு, ஈரமா இருக்கற மாதிரி."

குழாய்களையெல்லாம் எடுத்த பிறகுதான் அவளை என் கையில் கொடுத்தார்கள். தோளில் சாய்த்துக்கொண்டேன். டார்சி அப்போது அறையில் இல்லை. அதற்கு முன்பு அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாந்து கிடந்தாள். டார்சி அவள் பின்கழுத்தைப் பார்த்திருக்கவே முடியாது. அது எனக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை?

"பழுப்பா?" என்றான்.

"தலை!" என்று ஹில்டே கத்தினாள். குனிந்தோம். பாலத்தின் இருட்டு எங்கள் மேல் ஊர்ந்து போனது.

வெளிச்சம் வந்ததும் லோரெயின் விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். "அப்பன்காரனே இப்படியா கேப்பான்! சரி, கண்ணு என்ன நிறம்?"

ஹேசல் கண் திறந்து நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனபோதே மூடியிருந்தன.

"சாம்பல்" என்றான் டார்சி. தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். "ரெண்டையும் ஒண்ணாத் திறக்க மாட்டா. முதல்ல இடது. அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சிட்டு வலது. என்னைப் பாத்தா. லைட்டு கூசுதுன்னு நான் கையால மறைச்சேன், அப்போ நல்லாத் திறந்து பாத்தா."

"கெட்டிக்காரி" என்றாள் லோரெயின்.

அன்னங்கள் நீந்தும் ஏரிக்கரை வரை ஹில்டேயின் குடைக்குப் பின்னால் நடந்தோம். ஹில்டே என்ன சொன்னாள் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் பாதிப் பேர் தூங்கினார்கள். லோரெயின் இருக்கையின் மேலாகக் காகிதப் பையை நீட்டினாள். உள்ளே லேஸ் வைத்த வெள்ளைக் குல்லா.

"பத்து மாசக் குழந்தைக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். போட்டுவிட்டு ஒரு போட்டோ அனுப்பணும், சரியா? எங்க பேத்தியெல்லாம் பெரிசாயிட்டாளுங்க. இவருக்கும் கொஞ்ச யாரும் இல்ல."

அவள் காத்திருப்பாள் என்று தோன்றியது. ஒவ்வொரு நாளும் போனைத் திறந்து பார்ப்பாள். நான் பர்ஸிலிருந்து படத்தை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரே படம். கண் மூடியிருக்கும்.

"இதுதான் இருக்கு. வேற எடுக்க முடியல. ரெண்டு நாள்தான் இருந்தா, லோரெயின்."

அவள் படத்தைப் பார்த்தாள், டார்சியைப் பார்த்தாள். "அய்யோ கண்ணுங்களா, நான் காலையிலேருந்து…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"நீங்க கேட்டது நல்லதுதான்" என்றான் டார்சி. "எங்களை யாரும் கேக்கறதில்ல."

வெர்ன் கையை நீட்டிப் படத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு துடைக்கத் தேவையில்லாத அந்தப் படத்தைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். லோரெயின் குல்லாவைத் திரும்ப வாங்கவில்லை.

பிரஸ்ஸல்ஸில் இறங்கிய இடத்திலிருந்து மற்றவர்கள் விடுதிக்குப் போனார்கள். நாங்கள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் இன்னும் இருந்தது.

"அவ கண்ணைத் திறந்ததை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ பாக்கல. நான் மட்டும் பாத்தேன்." கையைப் பிசைந்தான். "நீ மயக்கத்துல கிடந்த. பெத்தது நீ. உன் பங்கை நான் எடுத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. எப்படிச் சொல்றது?"

"திரும்பச் சொல்லு."

சொன்னான். இடது, பிறகு வலது. படகில் சொன்னதுதான். புதிதாக ஒன்றுமில்லை. "அவ்வளவுதான். அப்புறம் மூடிக்கிட்டா" என்று முடித்தான். இதைவிட அதிகமாக ஒருபோதும் கிடைக்கப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. பின்கழுத்தைப் பற்றி நான் சொன்னேன். அதுவும் சீக்கிரமே முடிந்துவிட்டது.

"ஊருக்குப் போனதும் க்ரேட்டா வீட்டுக்குப் போறதா இருந்தேன்" என்றேன்.

"தெரியும். அவ போன்ல சொல்லிட்டா."

"தெரிஞ்சும் பேசாம இருந்தியா?"

"என்ன சொல்லி நிறுத்தறது?"

ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

"வீட்டுக்கு வரேன்" என்றேன். "ஆனா அவளைப் பத்திப் பேசணும். யாரும் மைக்கை நீட்டாமலே."

தலையாட்டினான். பையிலிருந்து குல்லாவை எடுத்து, விரல்களை மடக்கி, முஷ்டியின் மேல் போட்டுப் பார்த்தான். லேஸ் மணிக்கட்டு வரை சரிந்து தொங்கியது.

"தலை இவ்வளவுதான் இருந்துச்சு. ரொம்பப் பெருசு இது."

"பத்து மாசத்துக்கு வாங்கினது."

அவன் முஷ்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, குல்லா நிறையும் வரை விரல்களை விரித்தான்.

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்றான்.